100 ரூபாய் பதிவு, ஒரு கையெழுத்து: வீட்டுச் சமையலை விற்பவர்கள் எதற்கெல்லாம் பொறுப்பு?

'சண்டே ஸ்பெஷல் சீரகச் சம்பா பிரியாணி. ஆர்டருக்கு சனிக்கிழமை நைட்டுக்குள்ள மெசேஜ் பண்ணுங்க!'

இன்று பல உணவுத் தொழில்கள் இப்படி ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் தொடங்குகின்றன. முதல் வாரம் அபார்ட்மென்ட்டில் பத்து பேர். இரண்டே மாதத்தில் ஆபீஸ் நண்பர்கள், அவர்களின் நண்பர்கள் என்று அறுபது பார்சல். அடுத்து டெலிவரி ஆப்பில் சேரலாம் என்று போனால் முதல் கேள்வியே, "எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ நம்பர் இருக்கா?" என்பதுதான்.

அவசரமாக ஒரு ஏஜென்ட்டைப் பிடித்து நம்பர் வாங்கியதும், 'அப்பாடா, வேலை முடிந்தது' என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஆனால் சட்டப்படி பார்த்தால், பொறுப்பு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

வீட்டில் சமைத்து விற்றாலும் பதிவு வேண்டுமா?

வேண்டும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006, லாபம் வருகிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. உணவைத் தயாரித்தாலோ, சேமித்தாலோ, விற்றாலோ அது 'உணவுத் தொழில்'தான். 'சும்மா ஹாபிக்காகப் பண்றேன்' என்பது பதில் ஆகாது.

சிறிய அளவில் செய்பவர்களுக்குப் 'பதிவு', பெரிய அளவில் செய்பவர்களுக்கு 'லைசென்ஸ்' என்று இரண்டு வகை. 2011 விதிமுறைகள் வகுத்த எல்லை, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய். அதற்குள் இருந்தால் பதிவு. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இந்த எல்லையும் கட்டணமும் திருத்தப்படக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் அன்று 'ஃபாஸ்காஸ்' இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. விண்ணப்பிப்பதும் அதே தளத்தில்தான். ஏஜென்ட் கட்டாயமில்லை.

இன்னொரு விஷயம், பதிவு ஆளுக்கு அல்ல, இடத்துக்கு. வீட்டுக் கிச்சனுக்கு வாங்கிய நம்பரை, பக்கத்துத் தெருவில் வாடகைக்கு எடுத்த கிச்சனில் பயன்படுத்த முடியாது.

நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் பதிவு தருவார்களா?

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விண்ணப்பம் வந்த 7 நாட்களுக்குள் அதிகாரி பதிவு தரலாம், காரணம் சொல்லி மறுக்கலாம், அல்லது ஆய்வுக்கு வருவதாக நோட்டீஸ் கொடுக்கலாம். ஆய்வு என்றால் 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்தக் கெடுவுக்குள் எந்தப் பதிலும் வராவிட்டால், சிறு தொழில் செய்பவர் விற்பனையைத் தொடங்கிக்கொள்ளலாம் என்கிறது 2011 விதிமுறை. பின்னால் அதிகாரி சொல்லும் திருத்தங்களைச் செய்தாக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

அதாவது, கிச்சனை யாருமே பார்க்காமலும் பதிவு கிடைக்கலாம். அப்படியென்றால் அரசு எதை நம்பித் தருகிறது? விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுக்கும் உறுதிமொழியை நம்பித்தான். 'சுகாதார விதிகளைப் பின்பற்றுகிறேன்' என்று விண்ணப்பிப்பவரே அதில் கையெழுத்துப் போடுகிறார். ஏஜென்ட் நிரப்பிக் கொடுத்தாலும் கையெழுத்து இவருடையது.

அந்தக் கையெழுத்தில் என்னென்ன அடக்கம்?

விதிமுறைகளின் நான்காம் அட்டவணை, முதல் பகுதி. நான்கைந்து பக்கம்கூட வராது. முக்கியமானவை மட்டும் இங்கே:

• சமைக்கவும் கழுவவும் குடிக்கத் தகுந்த தண்ணீர். விட்டு விட்டுத் தண்ணீர் வரும் ஏரியா என்றால், தேவையான அளவு சேமித்து வைக்கும் வசதி.

• பித்தளை, செம்புப் பாத்திரங்களில் சமைத்தால் உள்ளே பூச்சு இருக்க வேண்டும். பாட்டி காலத்தில் ஈயம் பூசியது இதற்காகத்தான்.

• வியாபாரம் நடக்கும் நேரத்தில் பூச்சி மருந்து அடிக்கக் கூடாது. ஈ, கொசுவை ஈ அடிக்கும் மட்டை போன்றவற்றால்தான் விரட்ட வேண்டும்.

• தொற்று நோய் உள்ளவர் உணவைத் தொடக் கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் மூடியிருக்க வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். கழிவறைக்குப் போய் வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

• குப்பைத்தொட்டிக்கு மூடி அவசியம். கழிவுநீர் தேங்காமல் வெளியேற வேண்டும்.

இதோடு, 2018 பேக்கேஜிங் விதிமுறைப்படி உணவை நியூஸ்பேப்பரில் சுற்றவும் கூடாது. வடையில் எண்ணெய் ஒற்றி எடுக்கும் பழக்கத்துக்கும் இது பொருந்தும். பேப்பர் மை சாப்பாட்டில் ஒட்டும்.

'எங்க வீட்டுலயும் இதைத்தானே சாப்பிடுறோம்?'

நியாயமான கேள்வி. ஆனால் நாலு பேருக்குச் சமைத்து உடனே சாப்பிடுவது வேறு. காலை 10 மணிக்கு அறுபது பேருக்கு பேக் செய்து, மதியம் 2 மணிக்கு அவர்கள் சாப்பிடுவது வேறு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில்தான் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும். சோற்றில் வளரும் 'பேசிலஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியா உண்டாக்கும் ஒருவகை நச்சு, மறுபடி சூடு செய்தாலும் போகாது.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 2025 ஏப்ரலில், பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டு தடை விதித்தது. மயோனைஸ் செய்பவர் யாரும் விஷம் கலப்பதில்லை. வேக வைக்காத ஒரு பொருள், சில மணி நேரம் வெளியே இருந்தால் போதும்.

அதிகாரி வந்து குறை கண்டுபிடித்தால்?

உடனே சீல் என்று பயப்படத் தேவையில்லை. சாதாரணக் குறைகளுக்கு, சட்டத்தின் 32-வது பிரிவின் கீழ் முன்னேற்ற நோட்டீஸ் வரும். என்ன குறை, எப்படிச் சரிசெய்வது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அவகாசம் 14 நாட்களுக்குக் குறையக் கூடாது. அதற்குள் சரிசெய்யாவிட்டால்தான் உரிமத்தில் கை வைப்பார்கள். சுகாதாரமற்ற சூழலில் தயாரித்தது நிரூபணமானால் 56-வது பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மக்களின் உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து என்றால், விற்பனையை உடனே நிறுத்தவும் 34-வது பிரிவில் வழி உண்டு.

வீட்டிலிருந்து கடைக்கு மாறுபவர்கள் கவனிக்க: மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியிடம் வாங்கும் தொழில் உரிமம் தனி. ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்பது கிடையாது.

வாங்கிச் சாப்பிடுபவர் எதைப் பார்க்கலாம்?

பில்லில் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஜனவரி முதல் பில்லில் இது கட்டாயம். முதல் இலக்கம் 1 என்றால் லைசென்ஸ், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. அதற்கடுத்த இரண்டும் எண் வழங்கிய ஆண்டு. ஃபாஸ்காஸ் தளத்தில் எண்ணைப் போட்டால், யார் பெயரில், எந்த முகவரிக்கு, இன்னும் செல்லுபடியில் உள்ளதா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

ஆனால், அந்த எண் 'இந்தக் கிச்சன் சுத்தமானது' என்ற சான்றிதழ் அல்ல. 'ஏதாவது தப்பு நடந்தால் கேட்க ஓர் ஆள் இருக்கிறார், இதோ அவர் முகவரி' என்பதுதான் அதன் அர்த்தம். கிச்சன் சுத்தமாக இருப்பதும் இல்லாததும், அடுத்த ஞாயிறு அண்டாவை அடுப்பில் ஏற்றும் முன் அவர் கை கழுவுகிறாரா என்பதில்தான் இருக்கிறது.