ஊசியின் மறைவில் கற்ற கவிஞர்

ஆப்கானிஸ்தானின் மேற்கிலுள்ள ஹெராத் நகரம் பாரசீக இலக்கியத்தின் பழம்பெரும் தாயகங்களுள் ஒன்று. மகாகவி ஜாமீ அடக்கமாகியிருப்பது அங்கேதான். கௌஹர்ஷாத் என்னும் அரசியார் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே அங்கு மதரஸா எழுப்பினார். ஆம், ஒரு பெண்மணி எழுப்பிய மதரஸா! அந்நகரில் 1980ஆம் ஆண்டு பிறந்தவர் கவிஞர் நாதியா அஞ்சுமன்.

1995 செப்டம்பரில் தாலிபான்கள் ஹெராத்தைக் கைப்பற்றியபோது அவருக்கு வயது 14. பெண்களின் பள்ளிகள் மூடப்பட்டன. படிப்புக்குத்தான் தடை, தையலுக்குத் தடையில்லை. ஆகவே, 'தங்க ஊசி' என்ற பெயரில் தையற்பள்ளியொன்று தோன்றியது. வாரம் மும்முறை பெண்கள் துணிப்பைகளுடன் அங்குச் செல்வர். பையின் மேலே துணியும் நூலும். அடியிலே குறிப்பேடும் எழுதுகோலும். ஹெராத் பல்கலைக்கழகப் பேராசிரியர் முஹம்மது அலீ ரஹ்யாப் அவர்களுக்கு இலக்கியம் போதித்தார். வெளியே பிள்ளைகள் விளையாடிக் கொண்டிருப்பர். காவலர் தென்பட்டால் ஓடிவந்து சொல்வர். உடனே நூல்கள் மறையும். ஊசிகள் கைக்கு வரும். மதரஸாவில் பாடம் நடத்தி வரும் எனக்கு, கல்வியை இத்தனை விலை கொடுத்து வாங்கிய மாணவியரைக் காணும் வாய்ப்பு இதுவரை கிட்டியதில்லை.

2001இல் ஆட்சி மாறியது. நாதியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இலக்கியம் பயின்றார். 2005இல் 'குலே தூதீ' என்ற அவரது கவிதைத் தொகுதி வெளிவந்தது. ஆப்கானிஸ்தானில் மட்டுமன்றி ஈரானிலும் அது விரும்பிப் படிக்கப்பட்டது.

அவரை மணந்தவரும் இலக்கியப் பட்டதாரியே. பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றியவர். நூல்களின் நடுவே வாழும் ஒருவர் கவிஞரின் அருமையை அறிந்திருப்பார் என்றுதானே எவரும் எண்ணுவோம்?

2005 நவம்பர் 4. நோன்புப் பெருநாளையொட்டி உறவினரைக் கண்டுவர நாதியா விரும்பினார். கணவர் மறுத்தார். வாக்குவாதம் முற்றியது. அன்றிரவு நாதியா இறந்தார். வயது 24, மடியில் ஆறு மாதக் குழந்தை. அடித்தது உண்மை என்று கணவர் ஒப்புக்கொண்டார். கொன்றது தாமல்லர், அவரே நஞ்சருந்தினார் என்றார். கைதான அவரை மன்னித்துவிடும்படி, நோயுற்றிருந்த நாதியாவின் தந்தையை ஊர்ப் பெரியவர்கள் வற்புறுத்தினர். பின்னர் அவர் விடுதலையானார்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் ஒருபோதும் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். மிம்பரில் சொல்லக் கேட்கிறோம். பிள்ளைகளுக்குப் பாடமாகவும் நடத்துகிறோம். ஆயினும், ஆட்சியின் தடையை ஊசியால் வென்ற ஒரு பெண்ணால் தம் வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லை. அது பட்டதாரியின் வீடு; பெருநாள் கொண்டாடிய வீடு.

நாதியாவின் கவிதைகள் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டுள்ளன. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் மீண்டும் ஆட்சிக்கு வந்தனர். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளின் படிப்பு நிறுத்தப்பட்டது. 2022 டிசம்பரில், நாதியா பயின்ற பல்கலைக்கழகத்தின் கதவும் பெண்களுக்கு அடைக்கப்பட்டது.