நம் கடிதத்திற்கு நாமே ஒரு சன்னல்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணினி அறிவியல்)

எழுதப் படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லாத வீட்டிற்குக் கடிதம் வந்தால் என்ன ஆகும் என்பதை நான் நன்கு அறிவேன். என் பாட்டியின் முதியோர் உதவித்தொகை பற்றிய தாள் வந்தால், அதை எடுத்துக்கொண்டு தேநீர்க் கடைக்குச் சென்று, படித்தவர் ஒருவர் வரும்வரை காத்திருந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "இனிமே நம்ம வீட்டுக் காகிதத்த நாமளே படிச்சுக்கலாம்" என்று நான் கல்லூரியில் சேர்ந்த அன்று என் தந்தை மகிழ்ந்தார்.

ஆனால் நடந்தது வேறு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து விண்ணப்பம் அனுப்பச் சென்ற கணினி மையத்தில், அங்கிருந்தவரே எனக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியைத் தொடங்கிக் கொடுத்தார். கடவுச்சொல் அவர் வைத்தது. கைப்பேசி எண்ணும் அவருடையது. முதலாண்டில் எனது உதவித்தொகை விண்ணப்பத்தில் ஒரு சான்றிதழ் குறைகிறது என்ற அறிவிப்பு அந்த முகவரிக்கே சென்றது. அதற்குள் மையத்தை மூடிவிட்டார்கள். அஞ்சல் பெட்டியைத் திறக்க வழியில்லை. கெடு முடிந்த பின்பு நேரில் கேட்டபோதுதான் செய்தியே தெரிந்தது. அவ்வாண்டுத் தொகை கிடைக்கவில்லை. அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

வகுப்பில் இதைச் சொன்னபோது, என்னைப் போலவே பிறர் தொடங்கித் தந்த முகவரியை வைத்திருப்போர் மேலும் பதினொருவர் இருந்தனர். தேநீர்க் கடையில் காத்திருந்த என் பாட்டிக்கும் எங்களுக்கும் என்ன வேறுபாடு? இந்த வினாவே எங்களை ஒரு முயற்சியில் இறக்கியது. துறையில் ஓரமாகக் கிடந்த பழைய கணிப்பொறி ஒன்றில் நாங்களே ஓர் அஞ்சல் ஏற்பாட்டை அமைத்துப் பார்க்க அனுமதி கேட்டோம். எங்கள் பேராசிரியர் இசைந்தார். ஆனால் ஒரு கேள்வியும் கேட்டார்: "வைக்கலாம்பா. நீங்க படிச்சு முடிச்சுப் போன பிறகு அதை யார் பார்த்துக்குவா?" அக்கேள்விதான் இக்கட்டுரைக்கு அளவுகோல் என்பதை நண்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

அஞ்சலகம் வேறு, சன்னல் வேறு

மின்னஞ்சல் என்றதும் திரையில் தெரியும் பக்கத்தையே பலரும் நினைக்கிறோம். அது தவறு. அஞ்சலகத்தில் கடிதங்களைப் பிரிக்கும் அறை வேறு, நாம் போய் நிற்கும் சன்னல் வேறு அல்லவா? இங்கும் அப்படியே.

1971-இல் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணிப்பொறியிலிருந்து வலையமைப்பின் வழியே மற்றொன்றுக்கு முதன்முதலாக மின்னஞ்சல் அனுப்பினார். கடிதத்தை ஓரிடத்திலிருந்து ஓரிடத்திற்குக் கொண்டு சேர்க்கும் எஸ்.எம்.டி.பி. என்னும் விதிமுறையை ஜான் போஸ்டல் 1982-இல் வகுத்து வெளியிட்டார். வந்து சேர்ந்த கடிதங்களைத் தொலைவிலிருந்தே படிக்க உதவும் ஐமேப் விதிமுறையை மார்க் கிறிஸ்பின் 1986-இல் உருவாக்கினார். முதல் விதிமுறைப்படி கடிதத்தைச் சுமப்பது போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற மென்பொருள்; இரண்டாவதன்படி பெட்டியைத் திறந்து காட்டுவது டவ்காட் போன்ற மென்பொருள். இவை இரண்டும் சேர்ந்தது அஞ்சலகம்.

வலையஞ்சல் மென்பொருள் என்பது சன்னல் மட்டுமே. அது ஐமேப் வழியாகக் கடிதத்தை வாங்கி உலாவியில் காட்டுகிறது. நாம் எழுதியதை எஸ்.எம்.டி.பி. வழியாகக் கொடுத்து அனுப்புகிறது. கடிதம் அதனிடம் தங்குவதில்லை. இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். பிடிக்காத சன்னலை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தினாலும் ஒரு கடிதமும் தொலையாது. ஆகவே தேர்வில் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அசட்டையும் கூடாது. ஏனெனில் வெளியுலகம் வந்து கை வைக்கும் இடம் அந்தச் சன்னல்தான்.

நாங்கள் எடைபோட்ட நான்கு

இனி, நாங்கள் ஆராய்ந்த நான்கு மென்பொருள்களைக் காண்போம். நான்கும் விலையின்றிக் கிடைப்பவை. மூல நிரலைத் திறந்து படிக்கக்கூடியவை.

முதலாவது, ஸ்குவிரல்மெயில். 1999-இல் தோன்றியது. தரவுத்தளம் வேண்டாம், உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் இயங்கும். பழைய கணிப்பொறிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்றே முதலில் எண்ணினோம். ஆனால் அதன் நிலைப்பதிப்பாகிய 1.4.22 வெளிவந்த ஆண்டு 2011. பத்தாண்டுகளுக்கு மேல் தாழ்ப்பாள் மாற்றாத கதவை எப்படி நம்புவது? ஒதுக்கினோம்.

இரண்டாவது, ஸ்னாப்பிமெயில். இது ரெயின்லூப் என்னும் மென்பொருளிலிருந்து கிளைத்தது. இதற்கும் தரவுத்தளம் கட்டாயமன்று. பக்கங்கள் விரைவாக வருகின்றன. 2022-இல் ரெயின்லூப்பில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. அதற்கு அதிகாரமுறைத் திருத்தம் வராத நிலையில், குறையைக் கண்டவர்கள் பயனாளரை ஸ்னாப்பிமெயிலுக்கு மாறச் சொன்னார்கள். தாய் மரம் பட்டாலும் கிளை தழைத்தது என்பது நல்ல செய்திதான். ஆயினும், ஒரு மென்பொருளைத் தாங்கும் கைகள் எத்தனை என்று எண்ண வேண்டியதன் தேவையையும் இதுவே எங்களுக்கு உணர்த்தியது.

மூன்றாவது, சோகோ. அஞ்சல் மட்டுமன்றி நாட்காட்டியும் முகவரிப் புத்தகமும் பலரும் பகிர்ந்து பயன்படுத்தும்படி இதில் உண்டு. அலுவலகத்திற்கு ஏற்றது. இது அப்ஜெக்டிவ்-சி மொழியில் எழுதப்பட்டது. எங்கள் பாடத்திட்டத்தில் அம்மொழி இல்லை. தேவையும் எங்களுக்கு அவ்வளவு பெரிதன்று.

நான்காவது, ரவுண்ட்கியூப். 2005-இல் தொடங்கிய திட்டம்; 1.0 பதிப்பு 2014-இல் வந்தது. பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டது. தரவுத்தளம் வேண்டும், ஆனால் எஸ்கியூலைட் என்னும் ஒற்றைக் கோப்புத் தரவுத்தளமே எங்கள் அளவிற்குப் போதும். 2023 நவம்பரில் நெக்ஸ்ட்கிளவுட் நிறுவனம் இத்திட்டத்தின் பொறுப்பை ஏற்றது.

தமிழுக்கு ஒரு கணக்கு

தமிழில் எழுதும் கடிதம் சிதையாமல் போய்ச் சேருமா என்பதையும் பார்த்தோம். பழைய அஞ்சல் விதிமுறை ஆங்கில எழுத்துகளை மட்டுமே மனத்தில் வைத்துப் பிறந்தது. ஆகவே தமிழைக் குறியீடாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லில் நம் கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு வீதம் பதினைந்து. அதைப் பேஸ்64 என்னும் முறையில் மாற்றினால், மூன்று பைட்டு நான்கு குறியாகி, இருபது குறிகள் கிடைக்கும். மற்றொரு முறையில் ஒவ்வொரு பைட்டும் மூன்று குறியாகி நாற்பத்தைந்து ஆகும். இந்த மாற்றத்தைச் செய்வதும், திரும்பப் படிப்பதும் சன்னலின் கடமை. எங்கள் சோதனையில் ரவுண்ட்கியூபும் ஸ்னாப்பிமெயிலும் பொருள்வரியையும் உள்ளடக்கத்தையும் பிழையின்றிக் காட்டின.

குறையில்லாதது எதுவுமில்லை

ரவுண்ட்கியூபைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையை மறைப்பது முறையாகாது. 2023 அக்டோபரில், தீய கடிதம் ஒன்றைத் திறந்து பார்த்தாலே போதும், கெடு நிரல் இயங்கும் என்ற குறை இதில் கண்டறியப்பட்டது. அதைத் தாக்குவோர் உண்மையிலேயே பயன்படுத்தினார்கள். 2025 ஜூனில் வேறொரு பெருங்குறை வெளிப்பட்டது. உள்நுழையும் உரிமை பெற்ற ஒருவர் வழங்கியிலேயே தம் நிரலை இயக்கலாம் என்னும் அக்குறை ஏறத்தாழப் பத்தாண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. 1.6.11, 1.5.10 ஆகிய பதிப்புகளில் அது திருத்தப்பட்டது.

இதைப் படித்தபோது எங்களுள் சிலர் பின்வாங்கினர். பேராசிரியரோ வேறு விதமாக எடுத்துச் சொன்னார். குறை வெளிப்படுவது மட்டும் ஆபத்தன்று. வெளிப்பட்ட பின் திருத்தம் வராததும், வந்த திருத்தத்தைப் பொருத்த ஆள் இல்லாததும்தான் பேராபத்து. முதலாவது மென்பொருளைப் பொறுத்தது. இரண்டாவது நம்மைப் பொறுத்தது.

எங்கள் முடிவு

ஆகவே ரவுண்ட்கியூபையே தேர்ந்தோம். திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றன. வழிகாட்டிகள் நிறைய உள்ளன. எல்லாவற்றிற்கும் மேலாக, பி.எச்.பி. எங்கள் இளையவர்களும் படிக்கப் போகும் மொழி. நிறுவி முடித்ததும் நிறுவற் கோப்புறையை நீக்கினோம். மறையாக்கம் உள்ள இணைப்பை மட்டும் அனுமதித்தோம்.

இவ்வஞ்சல் ஆய்வுக்கூடத்தின் உள்வலையில் மட்டுமே இயங்குகிறது. வெளியுலகிற்குக் கடிதம் அனுப்ப எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். போன்ற அடையாளச் சான்றுகளும், நற்பெயருள்ள இணைய எண்ணும் வேண்டும். இல்லையேல் நம் கடிதம் குப்பைப் பெட்டிக்குப் போகும். ஆழம் அறியாமல் காலை விடக் கூடாது என்பதால் அதற்கு நாங்கள் முனையவில்லை. எனவே உதவித்தொகை அறிவிப்பு இன்றும் பொது நிறுவன முகவரிக்குத்தான் வருகிறது. ஆனால் பன்னிருவரும் புதிய முகவரி தொடங்கி, சொந்தக் கைப்பேசி எண்ணையும் தாமே வைத்த கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டோம். அஞ்சலகம் எப்படி இயங்குகிறது என்பதைக் கண்ட பின்பு, இச்சிறு வேலையின் பெருமை விளங்கியது.

பேராசிரியரின் கேள்விக்கு விடையாக ஒரு நூறு பக்க நோட்டுப் புத்தகம் கணிப்பொறியின் அருகே இருக்கிறது. எந்த நாளில் எந்தப் பதிப்பைப் பொருத்தினோம், எது பழுதாயிற்று, எப்படிச் சரிசெய்தோம் என்பதெல்லாம் அதில் தமிழில் எழுதியுள்ளோம். முதலாண்டு மாணவர் இருவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்களுடன் அமர்கின்றனர். சென்ற மாதம் வந்த திருத்தத்தை அவர்களே பொருத்தினார்கள்; நாங்கள் பின்னால் நின்று பார்த்தோம்.

இவ்வாண்டு என் விண்ணப்பத்திலும் ஒரு குறை இருந்தது. அறிவிப்பு வந்த மாலையே படித்தேன். மறுநாளே சான்றிதழை அனுப்பினேன். இரவு வீட்டில் அதைத் தந்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.