மனிதத் தோலின் அமைப்பு

மனிதத் தோல் என்பது உடலின் வெளிப்புறத்தைப் போர்த்தியுள்ள உறுப்பு ஆகும். இது மேற்றோல், உட்தோல் என்னும் இரு அடுக்குகளைக் கொண்டது. அவற்றின் கீழே தோலடித் திசு அமைந்துள்ளது. உடலின் நீர் வீணாகாமலும், வேதிப்பொருட்களும் நுண்ணுயிர்களும் உட்புகாமலும் காப்பது இதன் முதன்மைப் பணியாகும்.

மேற்றோல்

மேற்றோலில் குருதிக்குழாய்கள் இல்லை. இதன் உயிரணுக்களில் பெரும்பாலானவை கெரட்டின் என்னும் புரதத்தை உருவாக்கும் கெரட்டினோசைட்டுகள் ஆகும். இவை அடிப்படலத்தில் பிரிந்து பெருகி, மேல்நோக்கி நகர்ந்து, உட்கருவை இழந்து, தட்டையாகி இறக்கின்றன. இவ்வாறு உருவாகும் கொம்புப் படலமே தோலின் தடுப்புச் சுவர். இறந்த உயிரணுக்கள் அச்சுவரின் செங்கற்கள் எனில், அவற்றிடையே உள்ள கொழுப்புப் பொருட்கள் சாந்து எனலாம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மேற்றோல் ஐந்து படலங்களையும், பிற இடங்களில் நான்கு படலங்களையும் கொண்டது.

மேற்றோலின் பிற உயிரணுக்கள்:
* மெலனோசைட்டு – மெலனின் நிறமியை உருவாக்கிக் கெரட்டினோசைட்டுகளுக்கு அளிக்கிறது.
* லாங்கர்கான்சு உயிரணு – அயற்பொருட்களைப் பற்றி நோயெதிர்ப்பு மண்டலத்திற்குக் காட்டுகிறது.
* மெர்க்கெல் உயிரணு – மென்மையான தொடுகையை உணர உதவுகிறது.

உட்தோலும் தோலடித் திசுவும்

உட்தோலில் குருதிக்குழாய்கள், நரம்புகள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்க்கால்கள் ஆகியன உள்ளன. இங்குள்ள நார் உருவாக்கும் உயிரணுக்கள் கொலாசன், எலாசுட்டின் ஆகிய புரதங்களை உருவாக்குகின்றன. கொலாசனின் முப்புரிச் சுருள் அமைப்பை 1954-55 ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்மொழிந்தனர். தோலடித் திசுவில் கொழுப்பு உயிரணுக்கள் மிகுந்துள்ளன.

தொழிற்சாலைப் பணியும் தோலும்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் வாகனங்களும் உதிரிப்பாகங்களும் உருவாக்கப்படுகின்றன. இவ்வகைத் தொழில்களில் கூலன்ட், தின்னர், எப்பாக்சிப் பிசின் போன்றவை பயன்படுகின்றன. இவற்றால் ஏற்படக்கூடிய தொடு தோலழற்சி இரு வகைப்படும்.

முதல் வகை உறுத்தல் அழற்சி. தின்னர் பூச்சை மட்டுமன்றி மேற்றோலின் கொழுப்பையும் கரைக்கிறது. சாந்து கரைந்த சுவரில் வெடிப்புகள் தோன்றுகின்றன. தோல் மெலிந்த புறங்கையும் விரலிடுக்குகளும் எளிதில் பாதிக்கப்படுகின்றன. எனவே கையில் ஒட்டிய பூச்சைத் தின்னரால் கழுவுவது தீங்கானது.

இரண்டாம் வகை ஒவ்வாமை அழற்சி. எப்பாக்சி, நிக்கல், குரோமேட்டு போன்றவற்றை லாங்கர்கான்சு உயிரணுக்கள் நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் செல்கின்றன. அங்குள்ள டி உயிரணுக்கள் அப்பொருளை நினைவிற் கொள்கின்றன. அதன்பின் சிறிதளவு பட்டாலும் அழற்சி தோன்றும். இந்நிலை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். ஆகவே தக்க கையுறை அணிந்து தொடுகையைத் தவிர்ப்பதே சிறந்த காப்பு ஆகும்.

இவற்றையும் பார்க்க
* மெலனின்
* கொலாசன்
* ஒவ்வாமை