15 வருஷக் குத்தகை முடிஞ்சா சம்பளம் நிக்குமா? ஐஎஸ்எல் சொல்ற கணக்கு



நம்ம சேனல்ல வழக்கமா எஸ்ஐபி, டாக்ஸ், டேர்ம் இன்ஷூரன்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு ஃபுட்பால். பயப்படாதீங்க, ஆஃப்சைடு ரூலுக்குள்ள எல்லாம் போகப் போறதில்ல. சம்பளம் பத்திதான் பேசப் போறோம்.

2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெங்களூரு எஃப்சி ஒரு அறிவிப்பு விட்டது. முதல் அணி வீரர்கள், ஊழியர்கள் சம்பளம் காலவரையின்றி நிறுத்தப்படுதுன்னு. அடுத்த ரெண்டு நாள்ல நம்ம சென்னையின் எஃப்சியும் கிளப் வேலைகளைத் தற்காலிகமா நிறுத்தறோம்னு சொல்லிட்டாங்க. ஒடிஷா எஃப்சி ஒப்பந்தங்களையே நிறுத்தி வச்சது. இதுல சென்னையின் 2015-லயும் 2017-18-லயும் கோப்பை ஜெயிச்ச டீம். உரிமையாளர் பட்டியல்ல அபிஷேக் பச்சன், தோனி பேரெல்லாம் இருக்கு. சரியா ஆடலைன்னு யாருக்கும் சம்பளம் நிக்கல. லீக் நடக்குமான்னே தெரியாததால நின்னுச்சு.

இந்தியாவோட டாப் ஃபுட்பால் லீக், 14 டீம், டிவி, விளம்பரம், வெளிநாட்டு வீரர்கள் எல்லாம் இருந்தும் எப்படி ஒரே மாசத்துல இப்படி ஆச்சு? நம்ம ஊர்க் கணக்குலயே பாத்துடலாம்.

இருக்கன்குடி திடல்னு வச்சுக்கோங்க

சாத்தூர் பக்கத்துல, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேர்ற இடத்துல இருக்கன்குடி மாரியம்மன் கோயில். ஆடி கடைசி வெள்ளிக்கு வர்ற கூட்டத்தைப் பாத்தவங்களுக்குத் தெரியும். நடந்து வர்றவங்க, வண்டி கட்டி வர்றவங்க, வேன் பிடிச்சு வர்றவங்கன்னு ரோடே தெரியாது. வளையல் கடை, பொரி கடை, பொம்மைக் கடை போடறவங்களுக்கு அந்தச் சில வாரம்தான் சீசன்.

ஒரு பேச்சுக்கு இப்படி வைங்க. ஒரு திடல் இருக்கு. திடலுக்குச் சொந்தக்காரர் ஒருத்தர். அவர் 15 வருஷத்துக்கு ஒரே காண்ட்ராக்டர்கிட்ட குத்தகைக்கு விட்டுட்டார். காண்ட்ராக்டர் பந்தல் போடுவார், லைட் கட்டுவார், மைக் செட் வைப்பார், விளம்பரம் பிடிப்பார். திடல்காரருக்கு வருஷா வருஷம் ஒரு தொகை நிச்சயமா வந்துடும். 14 கடைக்காரங்க காண்ட்ராக்டருக்குப் பணம் கட்டிட்டுக் கடை போடுவாங்க. கடைசி வருஷம் திருவிழா செப்டம்பர்ல ஆரம்பிச்சு ஏப்ரல்ல முடியணும். ஆனா குத்தகை டிசம்பர்ல முடியுது. காண்ட்ராக்டர் செப்டம்பர்ல பந்தக்கால் நடுவாரா?

நடமாட்டார். அதான் நடந்துச்சு.

திடல்காரர் இடத்துல அகில இந்திய கால்பந்து சம்மேளனம், அதாவது ஏஐஎஃப்எஃப். காண்ட்ராக்டர் இடத்துல ரிலையன்ஸ் பக்கத்து நிறுவனமான எஃப்எஸ்டிஎல். 2010-ல கையெழுத்தான ஒப்பந்தம், 15 வருஷம், மொத்தம் 700 கோடி. சமீப வருஷங்கள்ல வருஷத்துக்கு 50 கோடி சம்மேளனத்துக்குப் போச்சு. 2014-ல 8 டீமோட ஐஎஸ்எல் தொடங்கினதே இந்த ஒப்பந்தத்தை வச்சுத்தான். முடியற தேதி 2025 டிசம்பர் 8. ஜூலை 11-ஆம் தேதி எஃப்எஸ்டிஎல் கடிதம் எழுதிட்டாங்க: டிசம்பருக்கு அப்புறம் என்னன்னு தெரியாம இந்த சீசனைத் திட்டமிட முடியாது, நிறுத்தி வைக்கிறோம்னு.

இங்க ஒரு விஷயம் எனக்கு உறுத்துது. முடிவுத் தேதி 15 வருஷமா எல்லாருக்கும் தெரியும். ஹோம் லோன் எப்ப முடியும்னு நமக்குத் தெரியற மாதிரி. ஆனாலும் மாத்து ஏற்பாடு இல்ல.

முழுப் பழியையும் சோம்பேறித்தனத்து மேல போடவும் முடியாது. சம்மேளனத்தோட சட்டவிதிகள் பத்தின வழக்கு வருஷக்கணக்கா கோர்ட்ல இருந்துச்சு. அந்தக் குழப்பத்துலதான் 2022 ஆகஸ்ட்ல ஃபிஃபா நம்மளைச் சில நாள் சஸ்பெண்ட்கூட பண்ணாங்க. 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட், தீர்ப்பு வர்ற வரைக்கும் இந்த வணிக ஒப்பந்தம் பத்தி முடிவு எடுக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. குத்தகை முடியப் போகுது, ஆனா புதுக் குத்தகை பேசக் கூடாது. தீர்ப்பு வந்தது செப்டம்பர் 19. அதுக்குள்ள சீசன் தொடங்க வேண்டிய நேரமே வந்துடுச்சு.

சிவகாசிப் பக்கம் இருக்கறவங்களுக்கு இந்த நிலைமை புதுசே இல்ல. 2018 அக்டோபர் 23-ல பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்தான்னு தீர்ப்பு வந்தப்புறம், நவம்பர்ல மூடின ஆலைகள் மாசக்கணக்கா திறக்கல. மருந்து கலக்கறவங்க, திரி வைக்கறவங்க, பெட்டி ஒட்டறவங்க எல்லாருக்கும் கூலி நின்னுச்சு. அவங்களும் வேலை தெரியாததால நிக்கல. வேற ஒரு ஊர்ல, வேற ஒரு மேஜைல இருக்கற ஃபைல் நகரலன்னா இங்க அடுப்பு எரியாது.

ஏலத்துக்கு ஆளே வரல

தீர்ப்புக்கு அப்புறம் அக்டோபர்ல டெண்டர் விட்டாங்க. இன்னொரு 15 வருஷம். குறைஞ்சபட்சம் வருஷத்துக்கு 37.5 கோடி, இல்ல மொத்த வருமானத்துல 5 சதவீதம், எது அதிகமோ அது. நவம்பர் 7-ஆம் தேதி கடைசி நாள். வந்த விண்ணப்பம் எத்தனை? பூஜ்யம்.

விவரம் கேட்டுட்டுப் போனவங்க இருந்தாங்க. ஆனா விலை எழுதின கவரை யாரும் போடல. காரணம் ரொம்ப சிம்பிள். திடலுக்கு நிச்சயத் தொகை குடுக்கணும், பந்தல் செலவும் நம்மளது, நஷ்டமும் நம்மளது, ஆனா எந்தக் கடை எங்க போடணும்னு முடிவு பண்ற குழுவுல நம்ம பேச்சு எடுபடாதுன்னா, நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?

பலரும் குத்தகை முடிஞ்சதுதான் பிரச்சனைன்னு நினைக்கிறாங்க. என் பார்வையில குத்தகை வெறும் தீப்பெட்டி. மருந்து முன்னாடியே கொட்டிக் கிடந்துச்சு. கிளப்கள் வருஷா வருஷம் நஷ்டத்துலதான் ஓடுச்சு. வீரர் சம்பளம், பயணம், ஹோட்டல், மைதான வாடகை, லீக்குக்குக் கட்டற தொகைன்னு செலவு எல்லாம் நிச்சயம். வரவுல டிக்கெட் பெருசா இல்ல. ஜெர்சி விற்பனை சொற்பம். ஸ்பான்சரும், லீக்ல இருந்து வர்ற பங்கும், மீதிக்கு முதலாளி பாக்கெட்டும்தான். முதலாளி மனசு மாறினா முடிஞ்சுது. 2019-ல புனே சிட்டி மூடி, அந்த இடத்துக்கு ஹைதராபாத் எஃப்சி வந்துச்சு. அந்த ஹைதராபாத் 2021-22-ல சாம்பியன். 2023-24-ல சம்பளப் பாக்கின்னு வீரர்கள் ஒவ்வொருத்தரா கிளம்பினாங்க. 2025-ல அதே கிளப் டெல்லிக்குக் குடிபெயர்ந்து ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆயிடுச்சு. ஆறு வருஷத்துல மூணு ஊர். ரசிகன் எந்த ஊர் ஜெர்சியைத்தான் வாங்குவான்?

2025 டிசம்பர் கடைசியில இன்னொரு அடி. மான்செஸ்டர் சிட்டியை வச்சிருக்கற சிட்டி ஃபுட்பால் குரூப், மும்பை சிட்டி எஃப்சில 2019-ல வாங்கின 65 சதவீதப் பங்கை விட்டுட்டு வெளியேறிட்டாங்க. கேரளா பிளாஸ்டர்ஸ் கேப்டன் அட்ரியான் லூனா இந்தோனேசிய லீகுக்கு லோன்ல போனார். நல்ல ஸ்கில் இருக்கறவன் முதல்ல கிளம்பிடுவான். ஐடி கம்பெனில பாக்கறதுதானே!

நடுவுல ஒரு வேடிக்கை. உள்ளூர்ல லீக்கே இல்லாத அக்டோபர்ல, எஃப்சி கோவா ஆசியப் போட்டில ரொனால்டோவோட அல் நாசரை வீட்டு மைதானத்துல சந்திச்சு 1-2ன்னு தோத்தாங்க. ரொனால்டோ வரல, அது வேற விஷயம். தினமும் மேட்ச் ஆடற டீமுக்கு எதிரா, மேட்சே இல்லாத டீம் ஒரு கோல் வித்தியாசத்துல தோத்தது எனக்குப் பெரிய விஷயமாத்தான் தெரிஞ்சுது.

2026 ஜனவரி தொடக்கத்துல சுனில் சேத்ரி, குர்பிரீத் மாதிரி சீனியர் வீரர்கள் சேர்ந்து வீடியோ போட்டு ஃபிஃபாகிட்டயே முறையிட்டாங்க. ஜனவரி 6-ஆம் தேதி விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா, பிப்ரவரி 14-ல லீக் தொடங்கும்னு அறிவிச்சார். தொடங்கவும் செஞ்சுது.

திரும்பி வந்தது பழைய லீக் இல்ல

முன்னாடி ஒவ்வொரு டீமும் மத்த டீமோட ரெண்டு தடவை மோதும், சொந்த ஊர்ல ஒண்ணு, வெளியூர்ல ஒண்ணு. 2025-26-ல ஒரே ஒரு தடவை. 14 டீம், 91 மேட்ச். லீக்கை நடத்தினது காண்ட்ராக்டர் இல்ல, சம்மேளனமும் கிளப்களும் பணம் போட்டு வச்ச சுமார் 25 கோடி பொது நிதி. பல கிளப்கள் வீரர்கள்கிட்ட சம்பளத்தைக் குறைச்சுக்கோங்கன்னு பேசினாங்க. கம்பெனி திவால் விளிம்புக்குப் போய்த் திரும்பி வந்தா இப்படித்தான் இருக்கும். போர்டு அதே போர்டு, பேஸ்லிப் வேற.

இதுக்கு அப்புறம் லீக் எந்தப் பக்கம் போகும்? உலகத்துல ரெண்டு வழியையும் பாத்தாச்சு.

சீனா ஒரு வழி. ரியல் எஸ்டேட், சில்லறை வணிகக் கம்பெனிகள் கோடி கோடியாக் கொட்டி நட்சத்திரங்களை வாங்கினாங்க. சூனிங் வச்சிருந்த ஜியாங்சு டீம் 2020-ல சாம்பியன். 2021 பிப்ரவரியில, கோப்பை வாங்கின மூணே மாசத்துல, மூடிட்டாங்க. எவர்கிராண்ட் கொட்டிக் குடுத்த குவாங்சோ, ரெண்டு தடவை ஆசிய சாம்பியன். 2025 ஜனவரியில கலைஞ்சுது. தாய்க் கம்பெனி விழுந்தா டீமும் விழும், நடுவுல தாங்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

ஜெர்மனி இன்னொரு வழி. 2002-ல அங்க ஒளிபரப்பு உரிமை வச்சிருந்த கிர்ச் நிறுவனம் திவால். கிளப்களுக்கு வர வேண்டிய டிவி பணத்துல பெரிய ஓட்டை. வெளிநாட்டு வீரர் வாங்கக் காசு இல்ல. ஆனா யூரோ 2000-ல அசிங்கப்பட்டதுக்கு அப்புறம், ஒவ்வொரு டாப் கிளப்பும் இளைஞர் அகாடமி நடத்தியே ஆகணும்னு ஏற்கெனவே விதி போட்டிருந்தாங்க. காசு இல்லாதவங்க அகாடமிப் பசங்களை இறக்கினாங்க. அந்தத் தலைமுறைல இருந்துதான் 2014 உலகக்கோப்பை டீம் வந்துச்சு.

பிரான்ஸ் இன்னும் சுவாரசியம். மீடியாப்ரோன்னு ஒரு கம்பெனி வருஷத்துக்கு 80 கோடி யூரோவுக்கு மேல தர்றேன்னு ஒத்துக்கிட்டு, 2020 அக்டோபர்லயே தவணையை நிறுத்திட்டாங்க. வராத பணத்தை நம்பிச் சம்பளம் பேசி வச்சிருந்த கிளப்கள் திணறிப் போச்சு. கடைசில 2025-ல லீக்கே சொந்தமா ஒரு சேனல் ஆரம்பிச்சு, ரசிகர்கள்கிட்ட நேரடியா சந்தா வாங்குது. போனஸ் வரும்னு நம்பி கார் லோன் போட்ட ஆளுங்களுக்கு இந்தக் கதை நல்லாப் புரியும்.

நம்ம லீக் ஜெர்மனி வழில போகணும்னா அகாடமி உயிரோட இருக்கணும். கவலையே அங்கதான். காசு குறைஞ்சா முதல்ல வெட்டறது ஸ்டார் வீரர் காண்ட்ராக்ட் இல்ல, அதுல கையெழுத்து இருக்கு. பசங்க டீமோட பஸ், ஹாஸ்டல் சாப்பாடு, ஃபிசியோ, இதெல்லாம்தான். காரைக்குடி பக்கத்துக் கண்டனூர்ல இருந்து போன சிவசக்தி நாராயணன், பெங்களூரு எஃப்சிக்கு ஆடி 2022-23 சீசனோட சிறந்த வளரும் வீரர் விருது வாங்கினார். அந்த மாதிரி ஒரு பையன் சாத்தூர்லயோ அருப்புக்கோட்டையிலயோ இன்னைக்கு 13 வயசுல செம்மண் கிரவுண்டுல ஓடிட்டு இருந்தா, அவன் ஏற வேண்டிய ஏணியோட கீழ்ப்படிதான் ஆடுது. மேல்படியை டிவியில பாக்கறோம், அதனால பேசறோம்.

நம்ம பேஸ்லிப் பக்கம் கொஞ்சம்

வீரர்களை நினைச்சா பாவமா இருக்கு, ஆனா அவங்க நிலைமையும் நம்ம நிலைமையும் ரொம்பத் தூரம் இல்ல. உங்க கம்பெனிக்கு வருமானம் எத்தனை கிளையண்ட்கிட்ட இருந்து வருது? ஒரே பெரிய கிளையண்ட்டா? அந்த ஒப்பந்தம் எப்ப புதுப்பிக்கணும்? இது ரகசியமே இல்ல, டீம் மீட்டிங்ல காது குடுத்தாலே தெரிஞ்சுடும். தெரிஞ்சா, உங்க அவசர நிதியை அந்தத் தேதியை வச்சுக் கணக்குப் போடுங்க. எல்லாரும் ஆறு மாசச் செலவுன்னு சொல்றோம். ஜூலைல கடிதம் வந்து பிப்ரவரியில மேட்ச் தொடங்கின லீக்கைப் பாருங்க, அதுவே ஏழு மாசம்.

அப்புறம் ஆஃபர் லெட்டர். நோட்டீஸ் பீரியட் பாக்கறோம், சிடிசி பாக்கறோம். 'நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய சூழ்நிலை'ன்னு ஒரு பத்தி கடைசிப் பக்கத்துல இருக்கும், அதைத் தாண்டிப் போயிடறோம். அது இருந்தா அந்தச் சூழ்நிலைல சம்பளம் பாதி வருமா, வராதா, வேற இடத்துல சேர விடுவாங்களான்னு எச்ஆர்கிட்ட மெயில்ல கேட்டு வாங்கிடுங்க. வாயால சொன்னா செல்லாது. கம்பெனி குடுக்கற ஹெல்த் இன்ஷூரன்ஸ் வேலையோட போயிடும்கறது தனிக் கதை, அதுக்கு ஏற்கெனவே வீடியோ போட்டாச்சு.

ஐஎஸ்எல்லுக்குத் திரும்புவோம். 2025-26 சீசன் ஒட்டுப்போட்டுத்தான் நடந்துச்சு. நீண்ட கால வணிகக் கூட்டாளி கிடைக்கறதுதான் அப்ப பெரிய கேள்வியா இருந்துச்சு. எந்த டெண்டர்லயும் நான் ரெண்டு விஷயம் பாப்பேன். நிச்சயத் தொகை எவ்வளவு, கிளப்களுக்கு எவ்வளவு பங்கு. குத்தகை சிக்கல் வர்றதுக்கு முன்னாடி எஃப்எஸ்டிஎல் பக்கம் பேசின ஒரு யோசனைல, புதுக் கம்பெனி ஆரம்பிச்சு கிளப்களுக்கு 60 சதவீதம், எஃப்எஸ்டிஎல்லுக்கு 26, சம்மேளனத்துக்கு 14னு பிரிக்கலாம்னு இருந்துச்சு. அப்ப அது சம்மேளனத்துக்கு ரொம்பக் கம்மியாத் தெரிஞ்சுது. நஷ்டத்தைத் தாங்கறவங்க கைல பெரும்பங்கு இருக்கற அந்தக் கணக்கு, ஏலத்துக்கு ஆளே வராத நவம்பருக்கு அப்புறம் பாத்தா அவ்வளவு மோசமாத் தெரியல.