பிரஷர் இல்லாமல் வேகுமா கார்பன் இழை?

பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பூட்டும் கெடு நெருங்க நெருங்க, பெற்றோரிடமிருந்து ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருகிறது: 'அந்தக் கல்லூரி காம்போசிட் ஆய்வகத்தில் ஆட்டோக்ளேவே இல்லையாம், வீண்தானா?' விளம்பர மடல்களோ அதையே 'குறைந்த செலவுத் தொழில்நுட்பம்' என்று கொட்டை எழுத்தில் போடுகின்றன. ஆட்டோக்ளேவ் இல்லாதது குறையுமில்லை, பெருமையுமில்லை. அதற்குப் பதில் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஆட்டோக்ளேவ் என்பது அறை அளவுக்கு ஒரு குக்கர். சுமார் 180 டிகிரி சூடு, 6, 7 மடங்கு வளிமண்டல அழுத்தம். காம்போசிட்டில் கார்பன் இழைகளைப் பிணைக்கும் பிசினில் சிக்கிய காற்றும் ஈரமும் குமிழியாக உப்பாமல் அந்த அழுத்தம் நசுக்கி வைக்கும். அது இல்லாமல், பாகத்தைப் பையால் மூடி, காற்றை உறிஞ்சி, சாதாரண ஓவனில் வைத்தால் கிடைப்பது அதிகபட்சம் 1 வளிமண்டலம். அதுவும் கடல்மட்டத்தில். 900 மீட்டர் உயரத்துப் பெங்களூரில் இன்னும் பத்தில் ஒரு பங்கு குறையும். நம் விமான ஆராய்ச்சியின் தலைநகரம் அதுதான்!

நசுக்க முடியாத குமிழியை வெளியேற்றியாக வேண்டும். இங்கேதான் கெட்டிக்காரத்தனம். பிசின் தடவிய இழைத் துணியான பிரிப்ரெக்கைத் தயாரிக்கும்போதே, இழைக்கற்றையின் நடுப்பகுதி நனையாதபடி வேண்டுமென்றே நிறுத்திவிடுகிறார்கள். பம்ப் இழுக்கும்போது காற்று அந்த உலர்ந்த வழியாகவே ஓரம் வரை ஓடி வெளியேறும். பிறகு சூடு ஏற ஏற, இளகிய பிசின் அதே வழிகளுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். அரைகுறையாக நனைந்த சரக்கு என்று நினைக்க வேண்டாம். காசே அந்த நனையாத பகுதிக்குத்தான்.

ஆனால் 'செலவு குறைவு' என்பதை அப்படியே நம்ப நான் தயாரில்லை. இயந்திரத்துக்கு மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை நேரம் தின்கிறது. பெரிய பாகமென்றால் ஓவனை மூட்டுமுன் மணிக்கணக்கில் காற்றை இழுக்க வேண்டும். பம்பை அடைத்துவிட்டு அழுத்தமானியையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முள் நகர்ந்தால் பையில் எங்கோ ஓட்டை. ஈரம் அதைவிடத் தொல்லை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த பிரிப்ரெக் சுருளை, குளிர் தணியுமுன் உறை பிரித்தால் வேர்த்துவிடும். சென்னைக் காற்றில் சொல்லவே வேண்டாம். அந்த ஈரம் ஓவனில் ஆவியாகிக் குமிழியாக உப்பும்போது அடக்கி வைக்க 1 வளிமண்டலம் போதாது.

ஆட்டோக்ளேவ் இல்லாத தயாரிப்பு விமானத்தில் உண்டா? ரஷ்யாவின் எம்சி-21 இறக்கை, உலர்ந்த இழைக்குள் வெற்றிடத்தால் பிசினை இழுக்கும் முறையில், ஆட்டோக்ளேவ் இல்லாமல் தயாராகிறது.

காற்றாலை இறக்கை? பெரும்பாலும் அதே முறைதான்.

ஆட்டோக்ளேவைத் தவிர்ப்பதால் கார்பன் இழை மலிவாகுமா? ஆகாது, இழையின் அடக்கவிலையில் ஏறத்தாழ பாதி, அதைச் சுட்டெடுக்கும் மூல இழைக்கே போகிறது.