கச்சான் காற்றில் பதுளை வீதி

வெயில் என்றால் எனக்கு முன்பு பயமே இருந்ததில்லை. வலப்பனையில் பிறந்து வளர்ந்தவளுக்கு வெயில் ஒரு விருந்தாளி. நாலு நாள் தொடர்ந்து பனிமூட்டம் கிடந்து ஐந்தாம் நாள் வெயில் எட்டிப் பார்த்தால், லயத்து முற்றத்துக்குக் கம்பிளிகள் எல்லாம் வெளியே வந்துவிடும். அப்படிப்பட்ட நான் 2012 ஓகஸ்டில், மகாஓயாவுக்கு அப்பால் காட்டு வீதியோரத்தில், மோட்டார் சைக்கிளோடு சரிந்து விழுந்தேன். கல்லோ பள்ளமோ என்னை விழுத்தவில்லை. வெயில்தான் விழுத்தியது.

1977 வன்செயலுக்குப் பிறகு எங்கள் தோட்டத்திலிருந்து கிழக்கே போன குடும்பங்களில் என் பெரியம்மாவின் குடும்பமும் ஒன்று. அவருடைய மகள், என் அக்கா, செங்கலடியிலிருந்து பதுளைக்கு வரும் வீதியை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறார். அங்குள்ளவர்களுக்கு அது 'பதுளை வீதி'. யுத்த காலத்தில் வருடக்கணக்கில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காணவில்லை. 2007இல் கிழக்கில் யுத்தம் ஓய்ந்த பின்னர்தான் அந்த வீதி எங்களுக்கு மெல்ல மெல்லத் திறந்தது. அதற்குள் அக்காவின் கணவர் காணாமற்போயிருந்தார். அக்கா குவைத்துக்குப் போய் ஆறு வருடம் வீட்டு வேலை செய்து திரும்பி, ஒரு ஸ்கூட்டி வாங்கி, படுவான்கரைக் கிராமங்களில் புடவை, பிள்ளைச் சட்டை, பாய் என்று தவணைக்கு விற்கத் தொடங்கியிருந்தார்.

நான் புறப்பட்டது அதிகாலை ஐந்து மணிக்கு. இராகலை, கந்தப்பளை கடந்து நுவரெலியாவை அடைந்தபோது விரல்கள் விறைத்திருந்தன. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். அங்கிருந்து வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை என்று வீதி இறங்கிக்கொண்டே போகும். பதுளையில் ஜெர்கினைக் கழற்றிப் பையில் வைத்தேன். அரைக்கைச் சட்டையோடு போனால் காற்றுப் பட்டுக் குளிர்ச்சியாக இருக்கும் என்பது என் கணக்கு.

அந்தக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று தன் மழையை எல்லாம் கினிகத்தேனை, நல்லதண்ணி, ஹற்றன் பக்கத்தில் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் இல்லை. இறங்கும் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் சுமார் 1 பாகை செல்சியஸ் சூடு ஏறுகிறது. அதனால்தான் ஹற்றனில் குடை பிடிக்கும் மாதத்தில் வலப்பனையில் புல் மலைகள் காய்ந்து மஞ்சளாகி நிற்கின்றன. அதே காற்று மட்டக்களப்புக்கு இறங்கும்போது அதன் பெயர் கச்சான். (சின்ன வயதில் அக்கா கடிதத்தில் 'இங்க கச்சான் வீசுது' என்று எழுதியதை வாசித்துவிட்டு, கடலை வாசம் வீசுகிற ஊர் போலும் என்று நினைத்திருந்தேன்.)

பதுளையில் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்தேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. போத்தல் பையில்தான் இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆண்கள் வீதியோரத்தில் வண்டியை நிறுத்தி இரண்டு அடி காட்டுக்குள் போய்விட்டு வருவார்கள். நாம் எங்கே போவது? குடிக்காவிட்டால் ஒதுங்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து நாம் பழகிய கணக்கு இது.

மகாஓயாவைக் கடக்கும்போது நேரம் ஒரு மணி இருக்கும். காற்று அடுப்பைத் திறந்ததுபோல முகத்தில் அடித்தது. வேர்க்கவில்லை என்பதால் உடம்பு தாங்குகிறது என்று நினைத்தேன். உண்மையில் வேர்வை வந்த கணமே காய்ந்து போய்க்கொண்டிருந்தது. தலை இடித்தது. வீதியில் நின்ற ஒரு மாட்டின் மீது காரணமில்லாமல் கோபம் வந்தது. பிறகு அந்த வெயிலில் என் கையில் மயிர்க்கூச்செறிந்தது, குளிர்வது போல. வளைவைக் கண்டேன், ஆனால் திருப்ப வேண்டும் என்று கைக்குத் தோன்றவில்லை. வேகம் குறைவாக இருந்ததால் சரளைக் கல்லில் சரிந்ததோடு போயிற்று.

பின்னால் உழவு இயந்திரத்தில் வந்த ஒரு சிங்களக் குடும்பம் என்னை மர நிழலுக்குத் தூக்கிச் சென்றது. அந்த அம்மா என் சால்வையைக் கானில் இருந்த தண்ணீரில் நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். உச்சந்தலையில் ஊற்றினார். குடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்தார். "பய வென்ட எபா துவே" என்றார். பயப்படாதே மகளே என்று. அவர்கள் யாரென்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அன்று மாலை அக்கா என்னைத் திட்டித் தீர்த்தார். "குவைத்துல ஆறு வருசம் இருந்தன். அந்த வெயிலுக்கு ஆரும் கையக் காலக் காட்டிக்கொண்டு போறதில்ல. மூடிக்கொண்டுதான் போவாங்க. நீ அரைக்கையோட வந்திருக்காய்!"

அக்கா சொன்னதில் கணக்கு இருக்கிறது. நம் தோலின் சூடு ஏறத்தாழ 35 பாகை. காற்று அதைவிடக் குளிராக இருந்தால் மேலில் படும் காற்று சூட்டை எடுத்துச் செல்லும். காற்று அதைவிடச் சூடானால், மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போகப் போகக் காற்று நமக்குச் சூட்டைக் கொடுக்கும், வேர்வையையும் பறிக்கும். பாலைவனத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கோடையிலும் நீளக்கை அணிவது இதனால்தான். உள்ளே போடும் பருத்திச் சட்டையை நனைத்து, அதன் மேல் தளர்வான நீளக்கைச் சட்டையைப் போட்டால் ஈரம் மெதுவாகக் காயும். காயும் வரை உடம்பு குளிரும். தலைக்கவசத்தின் கண்ணாடியையும் இறக்கிவிட வேண்டும்.

பெண்கள் இதையெல்லாம் புதிதாகச் செய்யவில்லை. தெரேசா வொலக், ஃபுளோரன்ஸ் பிளென்கிரன் என்ற இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் 1934 டிசெம்பரில் இலண்டனிலிருந்து 600 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றில் புறப்பட்டு, சகாராப் பாலைவனத்தைக் கடந்து, 1935 ஜூலையில் ஆபிரிக்காவின் தெற்கிலுள்ள கேப்டவுனை அடைந்தார்கள். தெரேசா வயதான காலத்தில் அமெரிக்காவில், கோடையில் 40 பாகையைத் தாண்டும் பாலைவன நகரமான பினிக்ஸில், மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழக்கும் பாடசாலை நடத்தினார். நம் பெண்கள் வீட்டு வேலைக்குப் போகும் சவூதியில் பெண்கள் வாகனம் ஓட்ட 2018 ஜூன் 24இல்தான் அனுமதி கிடைத்தது. அதில் மோட்டார் சைக்கிளும் அடங்கும். குவைத்தில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை முற்பகல் 11 தொடக்கம் பிற்பகல் 4 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கத் தடை உண்டு. அக்கா இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருடைய வியாபாரம் நடப்பதே அந்த நேரத்தில்தான். காலையில் பெண்கள் வயலிலும் சேனையிலும் நிற்பார்கள். வெயில் ஏறினால்தான் வீட்டுக்கு வருவார்கள். மத்தியானம் போனால்தான் தவணைக் காசு கிடைக்கும்.

இரவு படுத்திருக்கும்போதுதான் மற்றதைச் சொன்னார். அந்த வருடத்தில் இரண்டு தடவை அவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்திருந்தது. பிறகு சிறுநீரகத்தில் கல். தண்ணீர் குடிப்பதில்லையா என்று வைத்தியர் கேட்டிருக்கிறார். அக்கா தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார். புடவைப் பையோடு வெயிலில் எட்டு மணித்தியாலம், காலையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு. "எங்க புள்ள ஒதுங்கிற?" என்றார். அதே கணக்குத்தான்.

நாங்கள் இருவரும் ஒரு கொப்பியை எடுத்து அவர் போகும் கிராமங்களை எழுதினோம். ஒவ்வொரு கிராமத்திலும் கிணறும் மலசலகூடமும் உள்ள, கேட்டால் முகம் சுளிக்காத ஒரு வீடு எது? முதலில் நாலு வீடுதான் தேறியது. அந்த வீட்டுக்காரிகளிடம் அக்கா வெட்கத்தை விட்டுப் பேசினார். புதுப் புடவை வந்தால் முதலில் அவர்களுக்குத்தான் காட்டுவது என்று ஒப்பந்தம். நாலு ஏழாகி, இப்போது பதினொன்று. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா, கடும் மஞ்சளா என்று பார்க்கவும் பழகியிருக்கிறார். கடும் மஞ்சள் என்றால் தண்ணீர் போதாது.

மத்தியான ஓட்டத்தையும் மாற்றினோம். முற்றாக மாற்ற முடியவில்லை. தூரத்துக் கிராமங்களுக்குக் காலையிலேயே போய், 12 மணிக்கு அங்கேயே ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்துவிடுவார். வயலால் வருகிறவர்கள் அந்தத் திண்ணைக்கு வந்து காசு கொடுத்துப் போவார்கள். இரண்டு பேர் மட்டும் வரமாட்டார்கள். அவர்களுடைய தவணை எப்போதும் பிந்தும்.

தாகம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. புறப்படுமுன் இரண்டு கோப்பை, பிறகு இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு தடவை சில மிடறு. மோர், இளநீர், பழஞ்சோற்றுத் தண்ணீர் எல்லாம் நல்லவை. அதிகம் வேர்த்தால் ஜீவனிப் பைக்கற்று ஒன்று, அல்லது கொதித்தாறிய 1 லீற்றர் தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். பிரஷர், சிறுநீரக நோய், நீரிழிவு உள்ளவர்கள் கிளினிக்கில் கேட்டுக்கொண்டு குடியுங்கள். தலையிடி, ஓங்காளம், கெண்டைக்கால் பிடிப்பு, காரணமற்ற கோபம் வந்தால் அடுத்த நிழலில் நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் ஐந்து கிலோமீற்றர்தானே' என்று நான் நினைத்த இடம் அதுதான். ஒருவர் பேச்சுத் தடுமாறினால், மயங்கினால், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990க்கு அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் வரும். மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

வண்டிக்கும் ஒரு வார்த்தை. டயர் காற்றைக் காலையில், ஓடுமுன் பாருங்கள். மத்தியானம் சூட்டில் கூடிக் காட்டுகிறது என்று காற்றைத் திறந்துவிட வேண்டாம். நிழலில் நிறுத்த முடியாவிட்டால் கறுப்பு இருக்கையில் ஈரத் துவாயை விரியுங்கள்.

நான் இப்போதும் ஓகஸ்டில் போகிறேன். ஒரே நாளில் போவதில்லை. மலைநாட்டு உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று இரண்டு கிழமை வேண்டும், நான் அதை ஒரு முற்பகலில் கேட்டிருக்கிறேன். முதல் இரவு லுணுகலையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கல். அங்கிருந்து விடியுமுன் புறப்பட்டால் வெயிலுக்கு முன் போய்விடலாம்தான். ஆனால் மகாஓயாவுக்கும் புல்லுமலைக்கும் இடையில் இருட்டு விலகும்வரை யானை வீதியில் நிற்கும். ஆகவே மகாஓயாவில் ஆறரை வரை காத்திருந்து, ஒரு பஸ்ஸின் பின்னால் போகிறேன். அந்தத் துண்டில் மட்டும் அக்காவின் கொப்பியில் வீடு இல்லை. மகாஓயாவிலேயே ஒதுங்கிவிட்டு, போத்தலை நிரப்பி, சட்டையை நனைத்துக்கொண்டு ஏறுகிறேன். காட்டைத் தாண்டியதும் வரும் முதல் வேலி வீடு பதினோராவது. போன முறை அந்த வீட்டுக்காரி எனக்காகப் பழஞ்சோற்றில் வெங்காயம் வெட்டிப் போட்டு வைத்திருந்தார்.