காணியை விற்று வரலாமா? – பலெர்மோவிலிருந்து ஒரு கணக்கு

(நேரலை உரையின் எழுத்து வடிவம்)

நான் பலெர்மோ நகரின் அல்பெர்கேரியாவிலிருந்து பேசுகிறேன். பல்லரோ சந்தை இருக்கிற பழைய பகுதி இது. 1943இல் நேசநாடுகளின் விமானங்கள் போட்ட குண்டுகளால் இடிந்த கட்டடங்கள் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தன. வசதியானவர்கள் வெளியேறினார்கள், வாடகை குறைந்தது. 1980களிலிருந்து வந்துசேர்ந்த எங்கள் ஆட்கள் பலருக்கு இந்தப் பழைய நகரில்தான் வீடு கிடைத்தது.

ஊரிலிருந்து உறவினர்கள் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "காணியை வித்துப் பிள்ளையை அனுப்பலாமோ? அங்க வாழ்க்கை எப்பிடி?"

இந்தக் கேள்வியோடு சிசிலி எழுத்தாளர் லெயொனார்தோ ஷாஷாவின் 'நீண்ட பயணம்' கதையை வாசித்துப் பாருங்கள். ஏழை விவசாயிகள் இருப்பதை விற்று, ஆளுக்கு இரண்டரை லட்சம் லீரா பேசிக் களவாக அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறார்கள். பதினொரு இரவுகள் கடலில். இறங்கிய இடம் மறுபடியும் சிசிலி. முகவரை நம்பிப் பணம் கட்டிய எங்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஐ.நா. 1990இலிருந்து வெளியிடும் மனிதவள மேம்பாட்டுக் குறியீடு ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறது. இத்தாலி 0.9ஐத் தாண்டிவிட்டது. இலங்கை 0.78க்கு அருகில். விலைவாசி வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் இத்தாலியின் வருமானம் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆனால் ஆயுளில் வித்தியாசம் ஆறு ஆண்டுகள் அளவுதான். 1940களிலேயே வந்த இலவசக் கல்வியும் இலவச அரச மருத்துவமும்தான் இதற்கு முக்கிய காரணம். அமர்த்தியா சென் இலங்கையை அடிக்கடி உதாரணம் காட்டியதும் இதனால்தான்.

இந்த எண்கள் எல்லாம் நாட்டின் சராசரி. சராசரி இத்தாலியில் நாங்கள் வாழவில்லை. சிசிலியின் தலைக்குரிய உற்பத்தி, மிலான் இருக்கும் லொம்பார்டியாவில் உள்ளதில் பாதியளவுதான். வேலைக்கும் பெரிய சிகிச்சைக்கும் சிசிலிக்காரரே வடக்கே போகிறார்கள். அதுபோல இலங்கையின் சராசரிக்குள் கொழும்பும் இருக்கிறது, போர் நடந்த வன்னியும் இருக்கிறது. ஆகவே நாட்டை விட்டுவிட்டு, ஒரு மனிதர் அங்கே என்ன செய்ய முடிகிறது என்று கேட்க வேண்டும். சென் சொல்லும் அளவுகோலும் இதுதான். நான் மூன்று கேள்விகள் கேட்பேன்.

முதலாவது, உயிரும் உடம்பும். போர்க்காலத்தில் ஓடிவந்தவர்களுக்கு இதில் இரண்டாவது யோசனை இல்லை. 1978இல் தொடங்கிய தேசிய சுகாதார சேவை வதிவிட அனுமதி உள்ளவர்களுக்கும் உண்டு.

இரண்டாவது, வேலை. உயர்தரம் படித்தவர்களும் இங்கே பெரும்பாலும் வீடு துடைக்கிறார்கள், முதியவர்களைப் பராமரிக்கிறார்கள். சம்பளம் ஊருக்குப் போகிறது. படிப்பு அலுமாரியில் இருக்கிறது.

மூன்றாவது, குரல். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் குடியுரிமை கேட்கப் பத்தாண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். இங்கே பிறந்து தொடர்ந்து வசிக்கும் பிள்ளையும் பதினெட்டு வயதுவரை காத்திருக்க வேண்டும். பத்தை ஐந்தாக்க 2025 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் பாதிப்பேர்கூட வாக்களிக்காததால் அது செல்லாமல் போனது. இலங்கைத் தேர்தலில் வெளிநாட்டிலிருந்தபடி வாக்களிக்கவும் வழியில்லை. பலெர்மோ மாநகரசபை 2013இல் அமைத்த பண்பாடுகளின் ஆலோசனைச் சபைக்குக் குடியேறிகள் வாக்களிக்கலாம். ஆனால் அது ஆலோசனை மட்டுமே சொல்லும்.

எந்தக் குறியீட்டிலும் வராத ஒன்றும் உண்டு. பலெர்மோவின் காவல் புனிதை ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு, பெல்லெக்ரீனோ மலையேறிச் சைவர்களான எங்கள் ஆட்களும் போகிறார்கள். அங்கே யாரும் அனுமதிப் பத்திரம் கேட்பதில்லை.

ஆகவே காணியை விற்கலாமா என்று கேட்பவருக்கு நான் "வா" என்றும் சொல்வதில்லை, "வராதே" என்றும் சொல்வதில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் கணக்குப் பார்க்க நேரமில்லை. சம்பளத்துக்காக மட்டும் என்றால், அந்தப் பிள்ளை என்ன வேலை செய்யும், எத்தனை வருடம் வாக்கில்லாமல் இருக்கும் என்பதையும் அதே தாளில் எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகு காணியைப் பற்றி முடிவெடுக்கலாம்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.